சூலின் அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூக்கும் தாவரங்களைப் பற்றிப் படிக்கும்போது பலரும் தடுமாறும் இடம் சூல். படம் வரைந்து பாகங்களைக் குறித்துவிடலாம். ஆனால் ஒரு பாகம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் வருவதில்லை. இதற்கு ஒரே ஒரு பிடி போதும் என்பது என் அனுபவம். சூலுக்குள் இரண்டு தலைமுறைகள் இருக்கின்றன. வெளியே இருப்பது தாய்ச்செடியின் உடல். அதன் நடுவே வளர்வது, சில செல்களே கொண்ட அடுத்த தலைமுறைப் பெண் செடி. ஒவ்வொரு பாகத்தையும் பார்க்கும்போது ‘இது யாருடையது?’ என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். பாதிக் குழப்பம் தானாகவே விலகும்.

சூல் என்றால் என்ன?

பிற்காலத்தில் விதையாக மாறப்போகும் உறுப்புதான் சூல். பூவின் நடுவில் இருக்கும் சூலகத்தின் அடிப்பகுதி சற்றுப் பருத்திருக்கும். அதுவே சூற்பை. அதன் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு சிறு மணிபோல இருப்பது சூல். பெரும்பாலான சூல்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில்தான் இருக்கும்.

சூல் என்ற சொல்லே அழகானது. கருக்கொள்வதைச் ‘சூல் கொள்ளுதல்’ என்கிறோம். மழையைச் சுமந்து வரும் மேகத்தைச் ‘சூல் கொண்ட மேகம்’ என்கிறோம். கருவைச் சுமக்கும் இந்த உறுப்புக்கு அந்தச் சொல் நன்றாகப் பொருந்துகிறது.

சூல், சூற்பை, கருப்பை, அண்டம் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. நான்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவை. சூற்பைக்குள் சூல், சூலுக்குள் கருப்பை, கருப்பைக்குள் அண்டம்.

குழப்பம் வருவதற்குக் ‘கருப்பை’ என்ற சொல்லும் ஒரு காரணம். அன்றாடப் பேச்சில் கருப்பை என்றால் குழந்தை வளரும் உறுப்பு. அதை மனதில் வைத்துக்கொண்டு தாவரப் பாடத்துக்கு வருபவர் சூற்பையையே கருப்பை என்று நினைத்துவிடுகிறார். தாவரவியலில் கருப்பை என்பது சூலின் நடுவே இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரியும் ஒரு சிறு பை. அதேபோல, சூலை முட்டை என்று எழுதுவதும் தவறு. முட்டைக்குச் சமமானது அண்டம் என்ற ஒரே ஒரு செல்தான். அந்தச் செல்லைச் சுற்றிக் கட்டப்பட்ட முழு வீடுதான் சூல்.

ஒரு சூற்பையில் எத்தனை சூல்கள் இருக்கும்?

செடிக்குச் செடி மாறும். நெல், கோதுமை, மா ஆகியவற்றில் ஒன்றே ஒன்று. தென்னையில் மூன்று அறைகள், அறைக்கு ஒரு சூல். ஆனால் வழக்கமாக ஒன்று மட்டுமே விதையாகும், மற்ற இரண்டும் வளராமல் நின்றுவிடும். தக்காளி, பப்பாளி போன்றவற்றில் ஏராளமாக இருக்கும். ஆர்க்கிட் பூக்களில் இந்த எண்ணிக்கை லட்சக்கணக்கில் போவதும் உண்டு. ஒரு காயை அறுத்து விதைகளை எண்ணினால், குறைந்தது அத்தனை சூல்களாவது அந்தப் பூவில் இருந்திருக்க வேண்டும்.

சூலின் பாகங்கள் என்னென்ன?

வெளியிலிருந்து உள்ளே போவோம். சூற்பையின் உட்சுவரில் சூல் ஒட்டியிருக்கும் இடம் சூல் ஒட்டுத்திசு. அதிலிருந்து சூலைத் தாங்கி நிற்கும் சிறு காம்பு சூல்காம்பு. தாய்ச்செடியிலிருந்து நீரும் உணவும் வரும் ஒரே வழி இதுதான். இதற்குள் ஒரு சாற்றுக்குழாய்க் கற்றை ஓடுகிறது. காம்பு சூலின் உடலோடு சேரும் இடத்தைச் சூல்தழும்பு என்கிறோம்.

சூலின் உடலைப் போர்த்தியிருப்பவை சூல் உறைகள். இவை சூலை முழுவதுமாக மூடிவிடுவதில்லை. நுனியில் ஒரு சிறு வாசலை விட்டுவைக்கின்றன. அந்த வாசல்தான் சூல்துளை. அதற்கு நேர் எதிர்முனையில் உறைகள் சூலின் உடலோடு இணையும் அடிப்பகுதி சலாசா. சூல்காம்பு வழியாக வரும் சாற்றுக்குழாய் பெரும்பாலும் இங்கே வந்து முடியும். ஆகவே சூலுக்கு இரண்டு முனைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விருந்தாளி, அதாவது மகரந்தத்தூளிலிருந்து ஆண் செல்களைச் சுமந்து வளரும் மகரந்தக்குழல், நுழையும் வாசல்; மற்றொன்று உணவு வந்து சேரும் பக்கம். சூலின் உள் அமைப்பு முழுவதும் இந்த இரு முனைகளை வைத்தே அமைந்திருக்கிறது.

உறைகளுக்குள்ளே இருக்கும் மென்மையான திசுத் தொகுதி சூல்திசு. அதற்குள், சூல்துளைப் பக்கமாகக் கருப்பை அமைந்திருக்கும்.

சூல்திசுவும் உறைகளும் காம்பும் தாய்ச்செடியின் உடல். அவற்றின் செல்களில் குரோமோசோம்கள் இரட்டைத் தொகுதியாக இருக்கும். கருப்பை மட்டும் அடுத்த தலைமுறை. அதன் உட்கருக்கள் உருவாகும்போது ஒற்றைத் தொகுதியே கொண்டிருக்கும்.

இவற்றை வெறும் கண்ணால் பார்க்க வழி உண்டா?

சூலின் உட்புறத்தைப் பார்க்க முடியாது. ஆனால் வெளிப் பாகங்களின் அடையாளங்களைப் பார்க்கலாம். இளம் பட்டாணிக் காயை நீளவாக்கில் பிரியுங்கள். ஒவ்வொரு மணியும் ஒரு சின்னக் காம்பால் காயின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதுதான் சூல்காம்பு. மணியை மெல்லக் கழற்றினால் தெரியும் தழும்பு, ஒருகாலத்துச் சூல்தழும்பு.

அப்புறம் ஒரு மொச்சை அல்லது அவரை விதையை இரவு முழுக்க ஊறவையுங்கள். ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு விரல்களால் மெல்ல அழுத்துங்கள். தழும்பின் ஓரத்தில், ஊசிமுனை அளவுள்ள ஒரு புள்ளியிலிருந்து நீர் கசியும். அந்தப் புள்ளிதான் சூல்துளை. மகரந்தக்குழல் நுழைந்த வாசல், விதையிலும் அப்படியே மிஞ்சியிருக்கிறது. சூல் பாடத்தை இந்தச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. படத்தைப் பிறகு வரையலாம்.

சூல் உறை ஒன்றா, இரண்டா?

இரண்டும் உண்டு. அவரை, ஆமணக்கு, லில்லி போன்ற பலவற்றில் இரண்டு உறைகள். சூரியகாந்தி, தக்காளி போன்ற இணைந்த பூவிதழ்கள் கொண்ட குடும்பங்களில் பெரும்பாலும் ஒன்றே. பூக்கும் தாவரங்களில் இரண்டு உறைகள்தான் பழைய நிலை என்றும், ஒற்றை உறை பிற்பாடு வந்தது என்றும் கருதப்படுகிறது. பைன் போன்ற, சூற்பையே இல்லாத திறந்தவிதைத் தாவரங்களின் சூலுக்கு வழக்கமாக ஓர் உறைதான். ஆகவே இரண்டாவதான வெளியுறை பூக்கும் தாவரங்களின் சிறப்பு.

உறையே இல்லாத சூல்களும் இருக்கின்றன. சந்தன மரம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பக்கத்து மரங்களின் வேரை உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி அது. புல்லுருவிக் குடும்பத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். தனியாகச் சூல் என்று பிரித்துக் காட்ட ஒன்றுமே இருக்காது. கருப்பையே நீண்டு வளர்ந்து, மகரந்தக்குழல் வரும் திசையை நோக்கி, சூற்பைக்கு மேலே நீண்டிருக்கும் சூலகத்தண்டுக்குள் ஏறும்.

சூல்திசுவின் வேலை என்ன?

முதல் வேலை, கருப்பையைப் பிறப்பிப்பது. அடுத்தது, அதற்கு உணவாவது. சில செடிகளில் இந்தத் திசு பல அடுக்குகளாகத் தடித்திருக்கும். சூரியகாந்திக் குடும்பம் போன்றவற்றில் ஒரே அடுக்காக மெலிந்திருந்து சீக்கிரமே மறைந்துவிடும். விதை முதிர்வதற்குள் பொதுவாகச் சூல்திசு முழுவதும் தீர்ந்துபோகும். மிளகு, பீட்ரூட், அல்லி ஆகியவற்றில் மட்டும் ஒரு பகுதி மிஞ்சி உணவுச் சேமிப்பாக நிற்கும். அதைப் பெரிஸ்பெர்ம் என்பார்கள்.

பரிணாமக் கண்ணோடு பார்த்தால் சூலின் மூலப்பகுதியே இதுதான். பெரணி வகைகளில் வித்துகளை (விதைகள் அல்ல, ஒரே செல்லாலான இனப்பெருக்கத் துகள்கள்) உருவாக்கும் வித்தகம் இருக்கிறதல்லவா? அதற்கு ஈடானது சூல்திசு. பெண் வித்தகத்தை உறைகளால் போர்த்தி, வித்தை வெளியே உதிர்க்காமல் உள்ளேயே வைத்து வளர்த்தால் கிடைப்பது சூல்.

நேர்ச்சூல், தலைகீழ்ச்சூல் என்று பிரிப்பது எதற்கு?

சூல்துளை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்தப் பிரிவு. காம்பு, சலாசா, சூல்துளை மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் அது நேர்ச்சூல். மிளகில் இப்படித்தான்.

தலைகீழ்ச்சூலில் சூலின் உடல் முழுதாகக் கவிழ்ந்திருக்கும். சூல்துளை காம்பின் அடிக்கு அருகில் வந்துவிடும். காம்பு சூலின் பக்கவாட்டோடு ஒட்டி வளர்வதால் அங்கே ஒரு மேடு தெரியும். அதற்கு ராஃபே என்று பெயர். ஆமணக்கு விதையில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடு இந்த ராஃபேதான். பூக்கும் தாவரக் குடும்பங்களில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு இந்த வகை. இது ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று யோசித்தால் ஒரு வசதி கண்ணில் படும். மகரந்தக்குழல் பெரும்பாலும் சூல் ஒட்டுத்திசுவை ஒட்டியே ஊர்ந்து வருகிறது. வாசல் அதன் பக்கத்திலேயே திரும்பியிருந்தால் வழி குறைவு.

இவற்றுக்கு இடைப்பட்ட வகைகளும் உண்டு. சூல் காம்புக்குச் செங்குத்தாகப் படுத்திருந்தால் கிடைமட்டச்சூல். உடலே வளைந்து சூல்துளையும் சலாசாவும் நெருங்கி வந்தால் வளைசூல். பயறு வகைகளில் இது அதிகம். சப்பாத்திக்கள்ளியில் சூல்காம்பு நீண்டு சூலையே சுற்றி வளைத்திருக்கும். அது சுருள்சூல். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, களிமண்ணில் ஒரு சிறு உருண்டை பிடித்து, நுனியில் ஒரு துளையிட்டுக் குச்சியில் குத்தித் திருப்பிப் பாருங்கள். பெயர்கள் தாமாகவே பதிந்துவிடும்.

கருப்பை எப்படி உருவாகிறது?

இளம் சூல்திசுவில், சூல்துளைப் பக்கம் ஒரு செல் மற்றவற்றைவிடப் பெரிதாகும். அதுவே பெருவித்துத் தாய்செல். அது மியாசிஸ் என்னும் குன்றல் பகுப்பில் பிரிந்து, ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம் கொண்ட நான்கு பெருவித்துகளைத் தரும். நான்கும் பெரும்பாலும் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கும். அவற்றில் மூன்று சிதைந்து, சலாசாப் பக்கம் இருக்கும் ஒன்று மட்டும் பிழைக்கும்.

பிழைத்த பெருவித்தின் உட்கரு மூன்று முறை பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும். இவ்வளவும் நடக்கும்போது செல்சுவர் எதுவும் இடையில் வராது. எட்டு உட்கருக்களும் தங்கள் இடத்தில் நின்ற பிறகுதான் சுவர்கள் எழும். 1879-இல் தாவரவியலாளர் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் பாலிகோனம் என்ற செடியில் இதை விவரித்ததால் ‘பாலிகோனம் வகை’ என்று பெயர்.

எட்டு உட்கரு, ஏழு செல். கணக்கு எப்படிச் சரியாகும்?

தேர்வுக்கு முந்தைய நாள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சூல்துளைப் பக்கம் மூன்று செல்கள்: நடுவில் அண்டம், அதன் இருபுறமும் இரண்டு சினர்ஜிட்கள். சலாசாப் பக்கம் மூன்று எதிரடிச் செல்கள். இடையில் ஒரே ஒரு பெரிய மையச்செல், அதற்குள் இரண்டு துருவ உட்கருக்கள். மூன்று, ஒன்று, மூன்று என்று கூட்டினால் செல்கள் ஏழு. மையச்செல்லில் மட்டும் உட்கரு இரண்டு என்பதால் உட்கருக்கள் எட்டு.

படம் வரையும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். அண்டத்தில் பெரிய நுண்குமிழி சூல்துளைப் பக்கமும், உட்கரு சலாசாப் பக்கமும் இருக்கும். சினர்ஜிட்களில் இது அப்படியே தலைகீழ். பல படங்களில் மூன்றையும் ஒரே மாதிரி வரைந்துவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் எது அண்டம் என்று சொல்ல முடியாமல் போகும்.

எதிரடிச் செல்கள் பல செடிகளில் விரைவிலேயே மறையும். புல் குடும்பத்தில் மட்டும் அவை பிரிந்து பெருகும். மக்காச்சோளத்தில் இருபதுக்கும் மேல் போகும்.

சினர்ஜிட்கள் என்ன செய்கின்றன?

சூலில் எனக்கு மிகவும் பிடித்த செல்கள் இவைதான். நெடுங்காலம் இவற்றை அண்டத்தின் ‘துணைச் செல்கள்’ என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்தார்கள். உண்மையில் சூல்துளை வாசலில் நின்று மகரந்தக்குழலை அழைப்பவை இவையே. சூல்துளையை நோக்கிய இவற்றின் சுவர் உள்ளே விரல்விரலாக மடிந்து தடித்திருக்கும். அதற்கு நூலிழை அமைப்பு என்று பெயர். மடிப்புகளால் பரப்பளவு கூடுகிறது, பொருட்களைச் சுரக்கவும் கடத்தவும் வசதியாகிறது.

இதைச் சோதித்துக் காட்டியவர் ஜப்பானின் டெட்சுயா ஹிகாஷியாமா. டொரீனியா என்ற செடியில் கருப்பையின் முனை சூல்துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் உள்ளே இருக்கும் செல்களை நேரடியாகப் பார்க்கலாம். 2001-இல் அவரது குழு லேசர் கதிரால் ஒவ்வொரு செல்லாக அழித்துப் பார்த்தது. அண்டத்தை அழித்தும் குழல் வந்தது. மையச்செல்லை அழித்தும் வந்தது. இரண்டு சினர்ஜிட்களையும் அழித்தபோதுதான் வரவில்லை. 2009-இல் அவை சுரக்கும் சிறு புரதங்களையே கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கு ‘லூர்’ என்று பெயர்.

குழல் வந்து நுழைவதும் ஒரு சினர்ஜிட்டுக்குள்தான். அந்தச் செல் அழிந்துபோகும், குழல் அங்கே வெடித்து இரண்டு ஆண் கேமீட்களை (ஆண் இனச்செல்களை) விடுவிக்கும். முதல் முயற்சியில் கருவுறுதல் நடக்காவிட்டால் மீதமிருக்கும் சினர்ஜிட் இரண்டாவது குழலை அழைக்கும். இரண்டு இருப்பதன் பயன் அங்கே தெரிகிறது. கொடிவேலிச் செடியில் சினர்ஜிட்களே கிடையாது. அங்கே அண்டமே நூலிழை அமைப்பை வளர்த்துக்கொண்டு அந்த வேலையையும் பார்க்கிறது.

மகரந்தக்குழல் எப்போதும் சூல்துளை வழியாகத்தான் நுழையுமா?

பெரும்பாலும் ஆம். சவுக்கு மரத்தில் அது சலாசா வழியாக வருவதை 1891-இல் ட்ரூப் என்ற தாவரவியலாளர் கண்டறிந்தார். பூசணியில் உறையைத் துளைத்துப் பக்கவாட்டில் நுழைவதாகப் பதிவு இருக்கிறது. எந்த வழியாக வந்தாலும் கடைசியில் சேரும் இடம் அண்டம் இருக்கும் முனைதான்.

எல்லாப் பூக்கும் தாவரங்களிலும் கருப்பை இப்படித்தானா?

சுமார் 70 சதவீத இனங்களில் பாலிகோனம் வகை. மற்றவை மாறுபடும். ஆய்வகங்களில் மாணவர்களுக்குப் பெரும்பாலும் லில்லியின் சூலைத்தான் காட்டுகிறார்கள், அதன் செல்கள் பெரியவை என்பதால். ஆனால் லில்லி பாலிகோனம் வகையே அல்ல. அதில் நான்கு பெருவித்து உட்கருக்களும் பிழைத்து, மூன்று ஒன்றாக இணைந்துவிடும். புத்தகத்தில் படித்ததும் ஸ்லைடில் தெரிவதும் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் கண்ணில் தவறில்லை.

ஆம்பொரெல்லா என்ற பழமையான மரபில் சினர்ஜிட்கள் மூன்று, மொத்தம் எட்டு செல்கள். அல்லிக் குடும்பத்தில் மொத்தமே நான்கு செல்கள், நான்கு உட்கருக்கள்.

கருவுற்ற பிறகு எது எதுவாக மாறுகிறது?

இரண்டு ஆண் கேமீட்களில் ஒன்று அண்டத்தோடு சேர்ந்து கருவாகும். மற்றொன்று மையச்செல்லின் இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்து, மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட, கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவாகும். இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் செர்கெய் நவாஷின் கண்டார். அடுத்த ஆண்டே பிரான்சின் லியோன் கினார் தனியாகக் கண்டு உறுதி செய்தார்.

சூல் விதையாகும். சூல் உறைகள் விதையுறையாகும். சூல்தழும்பும் சூல்துளையும் அதே பெயரில் விதையில் நிலைக்கும். சூற்பையின் சுவர் கனியின் சுவராகும். ஜாதிக்காயைச் சுற்றி இருக்கும் சிவந்த பத்திரி, சூல் விதையாகும்போது அதன் அடிப்பக்கத்திலிருந்து கூடுதலாக எழுந்து விதையைப் போர்த்தும் வளர்ச்சி.

‘யாருடையது?’ என்ற கேள்வியை இங்கே மறுபடி கேளுங்கள். விதையுறை முழுக்கத் தாயுடையது. அதில் தந்தையின் பங்கு இல்லை. கருவில் இருவருக்கும் சமபங்கு. கருவூணில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று.

பூ மலரும்போது சூல்கள் எல்லாம் தயாராக இருக்குமா?

பல செடிகளில் ஆம். ஆர்க்கிட்கள் வேறு மாதிரி. பல ஆர்க்கிட்களில் மகரந்தம் வந்து விழுந்த பிறகுதான் சூல்களே முழுமையாக உருவாகத் தொடங்கும்.

சூலைச் செடியிலிருந்து பிரித்து விதையாக்க முடியுமா?

முடியும். 1962-இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரியின் குழு, கசகசாச் செடியின் சூல்களை ஒட்டுத்திசுவோடு எடுத்துச் சோதனைக்குழாயில் வைத்து, அவற்றின் மேலேயே மகரந்தத்தைத் தூவியது. சூலகமுடியும் தண்டும் இல்லாமலே அவை கருவுற்று, முளைக்கக்கூடிய விதைகளாயின.

கருவுறாமலே சூல் விதையாவது உண்டா?

உண்டு. டான்டலியன் வகைகள் பலவற்றில் குன்றல் பகுப்பே நடக்காமல் கருப்பை உருவாகி, அண்டம் தானே கருவாக வளரும்.

எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களில் நடப்பது வேறு. அங்கே கருவுறுதல் வழக்கம்போல நடக்கும். அதோடு சூல்திசுவின் செல்களும் தனியாகக் கருக்களாக வளர்ந்து கருப்பைக்குள் புகும். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் கிளம்புவது இதனால்தான். ஆரஞ்சு விதையில் இப்படிப் பல கருக்கள் இருப்பதை 1719-இலேயே மைக்ரோஸ்கோப் ஆய்வாளர் லேவன்ஹூக் குறித்திருக்கிறார். சூல்திசு தாயின் உடல் என்பதை நினைவில் வையுங்கள். அதிலிருந்து எழும் நாற்று தாயின் பிள்ளை இல்லை, தாயின் அச்சு அசலான நகல். ஒரே சீரான ஒட்டுச்செடிகள் வேண்டும் என்பவர்கள் இந்த நாற்றுகளைத்தான் தேர்ந்தெடுத்து வேர்க்கன்றாக வைக்கிறார்கள்.